கூரைக்கு இருபத்தொரு நாள்

ஔலுவில் மதியம் மூன்றுக்கே இருட்டிவிடுகிற மாதத்தில்
எனக்கு இட்ட வேலை இது:
மரச்சுவர் உளுத்துப்போக எத்தனை நாள்,
கல் பிளக்க எத்தனை நாள்,
கூரை இறங்க எத்தனை நாள்.

சர்வர் நிரம்பிவிட்டது என்றாள் ரவ்னி.
ஒரு லட்சத்து எண்பதாயிரம் வீடுகள்.
பாதிக்குமேல் ஒரே இரவில் கட்டி
மறுநாள் மறந்துபோனவை.
கதவில்லாத பெட்டிகள். பாதியில் நின்ற படிக்கட்டுகள்.
நடுவானத்தில் தனியாக ஒரு கட்டை,
வைத்தவர்களுக்கே காரணம் தெரியாது.

கூரைக்கு இருபத்தொன்று என்று எழுதினேன்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
இருபது கொஞ்சம் கஞ்சத்தனமாகத் தோன்றியது,
அவ்வளவுதான்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது.
ஆள் இல்லாத நிலத்தை இயந்திரம் கணக்கிடுவதில்லை.
அங்கே மழை இல்லை, கரையான் இல்லை,
அங்கே என்பதே இல்லை.
ஆகவே கைவிட்ட வீடுகள் புத்தம் புதிதாக நிற்க,
தினமும் வந்து விளக்கேற்றியவனின் சுவர்
கண்ணெதிரே உதிர்ந்தது.

அநியாயம், என்றாள்.
கணக்கு, என்றேன்.
சிகரெட் பிடிக்க வெளியே போனாள்,
பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது.

திரும்பி வருவதற்குள் ஒரு திருத்தம் எழுதியிருந்தேன்:
யாராவது அருகில் வந்தால்
விட்டுப்போன நாட்களை எண்ணி
ஒரே நொடியில் கொடுத்துவிடு,
வட்டியும் முதலுமாக.

சோதிக்க நானே போனேன்.
மூன்று வருடம் முன்பு நான் கட்டிய பைன்மர வீடு.
சன்னலில் வெளிச்சம் அப்படியே.
ஓரடி வைத்தேன்.
தொள்ளாயிரத்து நாற்பது நாள்
பொலபொலவென்று இறங்கியது.
எல்லா மரமும் ஒன்றாக முறிந்த ஓசையில்
ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன்.
தரையில் மிச்சம் இரண்டு கீல், ஒரு பூட்டு.
பூட்டு பூட்டியே இருந்தது.

பார்க்க வந்தவன் தலையில்தான் விழுகிறது.
இதைப் பிழை என்று குறிப்பதா, அம்சம் என்றா?
ரவ்னி அம்சம் என்றாள்.

வெளியிட்ட வாரத்தில் மூவாயிரம் வசவு.
உன் வீட்டுக் கூரையும் இடியட்டும் என்று ஒருவன்.
எனக்கு மேலே இரண்டு மாடி இருக்கிறது,
பாவம், அவர்கள் என்ன செய்தார்கள்.

மார்ச்சில் அதைக் கண்டோம்.
ஈரக்காலுறை என்ற பெயரில் ஆடுகிறவள்,
த்ரொம்சோவில் மீன் ஆலையில் இரவுப்பணி.
ஆற்றின் குறுக்கே அவலட்சணமாய் ஒரு குவியல்:
வைக்கோல், பலகை, களிமண், உள்ளே எங்கோ கருங்கல்.
ஏறவும் வழியில்லை, நுழையவும் வழியில்லை.
பக்கத்தில் ஓர் அறிவிப்பு:
தொடாதீர்கள், வெந்துகொண்டிருக்கிறது.

ஒன்பதாம் நாள் வைக்கோல் போயிற்று.
இருபத்தொன்றில் என் கூரை,
சொன்ன சொல் தவறாமல்.
பிறகு பலகை. பிறகு களிமண், மெதுவாக, முனகலோடு.
எழுபதாம் நாள் ஆற்றின்மேல் நின்றது
ஒரே வளைவில் ஒரு பாலம்,
முட்டுக்கொடுக்காமல் யாராலும் கட்ட முடியாதபடி மெலிந்து.

பதிவேட்டைப் புரட்டினேன்.
எழுபது நாளும் பணி முடிந்து வந்து
அதன் பக்கத்தில் சும்மா நின்றிருக்கிறாள்.
நாட்கள் ஒவ்வொன்றாக இறங்கட்டும் என்று.
மொத்தமாக இறங்கினால் வளைவும் நொறுங்கும்.
இதை நான் எங்கும் எழுதிவைக்கவில்லை,
அவளாகக் கண்டுபிடித்தது.

கல்லுக்கு நான் போட்ட எண் நானூறு.
நேற்று அந்தக் கோப்பைத் திறந்தேன்.
நான்கின் பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
தோளுக்குப் பின்னால் ரவ்னி,
வாயைத் திறக்கவில்லை.
மாற்றாமல் மூடினேன்.

இன்று முந்நூற்று நாற்பது.
பாலத்தின் நடுவில் யாரோ கால்களைத் தொங்கவிட்டு
நீளக் கோல் ஒன்றைத் தண்ணீருக்கு நீட்டியபடி.
அந்த ஆற்றில் நாங்கள்
மீன் இன்னும் வைக்கவில்லை.